ஏதென்ஸுக்குப் போகாமல் வாங்கி வந்த ஆந்தை

கிரேக்கப் பயணம் எப்படி இருந்தது என்று பலர் எழுதிக் கேட்டுவிட்டீர்கள். அக்ரோபோலிஸ் ஏற எந்தச் சப்பாத்து நல்லது, எந்தத் தீவில் சோறு கிடைக்கும் என்றெல்லாம் கேள்விகள். பதில் சொல்ல எனக்கும் ஆசைதான். ஒரே ஒரு சிக்கல்: நான் கிரேக்கத்துக்குப் போகவில்லை.

ஆனாலும் ஒரு பை நிறையக் கிரேக்கச் சாமான்களோடு வீடு வந்து சேர்ந்தேன். அத்தனையும் மியூனிக்கில் வாங்கியவை. எப்படி என்று சொல்கிறேன். மியூனிக் போகிறவர்களுக்கு உதவும். பொய் சொல்லத் திட்டமிடுகிறவர்களுக்கு அதைவிட உதவும்.

நாங்கள் ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகரில் இருக்கிறோம். என் கணவர் இங்கே நகரப் பேருந்து ஓட்டுகிறார். நான் ஒரு மழலையர் பள்ளியின் சமையலறையில் வேலை. மிச்ச நேரத்தில் இந்த வலைப்பூவும் ஊர்வம்பும். எங்கள் மகள் அபி மியூனிக்குக்குப் பக்கத்தில் கார்ஹிங்கில் படிக்கிறாள். திருமணமாகி இருபத்தைந்து வருடம் தாக்குப்பிடித்ததைக் கொண்டாட, செப்டம்பர் கடைசியில் ஒரு கிழமை ஏதென்ஸ் என்று முடிவு செய்தோம். விமானம் மியூனிக்கிலிருந்து. மகளையும் பார்த்ததாகும், பயணக்காசிலும் கொஞ்சம் மிஞ்சும்.

இந்தச் செய்தியை நம் ஆட்களில் முதலில் நான் சொன்னது கமலா அக்காவுக்கு மட்டும்தான். கமலா அக்கா இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அவருக்குச் சொன்னால் கோயில் ஒலிபெருக்கிக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பூசைக்குப் போனபோது ஐயர்கூட "ஏதென்ஸ் எப்ப?" என்று கேட்டார். கமலா அக்காவுக்கு மண்ணில் செய்த மாதுளம்பழம் வேண்டும். அவருடைய மருமகளுக்குக் கண்ணூறு படாமல் நீலக்கண் மணி கோத்த கைச்சங்கிலி. என்னோடு சமையலறையில் வேலை செய்யும் ரெனாட்டெ ஆந்தை சேர்ப்பவள். அவளுக்கு ஏதென்ஸின் ஆந்தை இல்லாமல் வீட்டு அலுமாரி நிறைவு பெறாதாம்.

"ஆந்தையை மட்டும் என்ர வீட்டுக்குள்ள கொண்டு வராதையும்," என்றார் கணவர். "வாங்கினா நேரா அவளின்ர கையில குடும். அது அலறினாலே கூடாது எண்டுறது."

"மண் ஆந்தை எப்பிடி அப்பா அலறும்?"

"உம்மட ராசிக்கு அதுவும் அலறும்."

வியாழக்கிழமை காலை ரயில் ஏறினோம். எசனில் மாறி மியூனிக் சேர ஆறு மணித்தியாலம் சொச்சம். இரண்டு மாதம் முன்பே பதிந்ததால் ஆளுக்கு நாற்பது யூரோவுக்குள் முடிந்தது. மியூனிக் பிரதான நிலையத்திலிருந்து மரியன்பிளாட்ஸ் வரை எஸ்-பான் நகர ரயில், அங்கிருந்து யூ6 சுரங்க ரயில் பிடித்துக் கடைசி நிறுத்தம் கார்ஹிங். மொத்தம் முக்கால் மணி நேரம். ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். அது அக்டோபர் திருவிழாக் காலம். ரயில் நிறைய, இந்தப் பக்கத்துப் பாரம்பரியத் தோல் கழிசானும் கையில் பிரெட்சல் என்ற முறுக்கு ரொட்டியுமாக ஆண்கள். பியர் குடிக்கப் போகிறவர்கள் ஒரு பெட்டியிலும் குடித்துவிட்டு வருகிறவர்கள் மறு பெட்டியிலும் இருந்தார்கள். இந்தத் தோல் கழிசானை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறது.

வெள்ளி பின்னேரம், அபியின் சின்ன அறையில் பெட்டியைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் விடிய விமானம்.

"இஞ்சாரும், உந்த விளக்கை ஆர் மறைக்கிறது?" என்றார் கணவர்.

யாரும் மறைக்கவில்லை. இடது கண்ணில் கீழ் மூலையிலிருந்து கறுப்புத் திரை ஒன்று எழும்பி வருகிறது என்றார்.

"பெட்டி அடுக்கச் சொன்னாத்தான் உங்களுக்குத் திரை எழும்பும்," என்றேன் நான். அதை நினைத்து இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்கிறேன். அபி கைபேசியில் எதையோ தேடிப் படித்தாள். முகம் வெளிறி எழுந்தாள்.

"அம்மா, சப்பாத்தைப் போடுங்கோ. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்."

ஆஸ்பத்திரியில், விழித்திரை கழன்றுவிட்டது என்றார்கள். ஓர் இளம் மருத்துவர், முன்னே மின்னல் போல் ஏதும் தெரிந்ததா என்று கேட்டார். ஒரு கிழமையாகத் தெரிந்ததாம்! நான் இவரைத் திரும்பிப் பார்த்த பார்வைக்கு மற்றக் கண்ணும் கழன்றிருக்க வேண்டும்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் பயணத்தை நிப்பாட்டிப்போடுவீர். எவ்வளவு ஆசையா இருந்தனீர்."

இருபத்தைந்து வருடத்தில் என் ஆசையை இவர் கவனித்த முதல் தடவை. அதற்கு இந்தக் கிழமைதானா கிடைத்தது?

அறுவைச் சிகிச்சை ஞாயிறு காலை. கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை விடுவார்கள். அது விழித்திரையைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும். அதற்காக இவர் பல நாள் குப்புறவே கிடக்க வேண்டும். குமிழி முழுக்கக் கரையும்வரை, அதாவது வாரக்கணக்கில், விமானம் கூடவே கூடாது. உயரத்தில் வாயு விரியும், கண் தாங்காது. சரி, பார்வை திரும்புமா என்று கேட்டேன். "பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்" என்றார் மருத்துவர். பேருந்து வரும் நிமிடத்தைக்கூட எழுதி ஒட்டுகிற நாட்டில் ஒருவர் பொறுத்துப் பார் என்றால், அவருக்கே தெரியாது என்று அர்த்தம். இவருக்கோ பேருந்துதான் பிழைப்பு. ஒற்றைக் கண்ணோடு இருக்கிறவரிடம் யார் அறுபது பேரை ஏற்றிய வண்டியைக் கொடுப்பார்கள்?

இதை ஊரில் சொல்வதில்லை என்று இருவரும் முடிவெடுத்தோம். உங்களுக்கு விளங்கும், நம் ஆட்களில் யார்தான் ஆஸ்பத்திரிக்குப் போகமுன் சொல்கிறார்கள்? கண்ணூறு படும். போதாததற்கு "ஏதென்ஸ், ஏதென்ஸ்" என்று ஒரு மாதமாக நான் அடித்த தம்பட்டம்தான் இந்தக் கண்ணிலேயே வந்து விழுந்தது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நடுக்கம். ஆகவே ஊரைப் பொறுத்தவரை நாங்கள் ஏதென்ஸில்தான் இருக்கிறோம்.

ஞாயிறு காலை இவரை உள்ளே கொண்டுபோன பின் நான் நடைபாதையில் மேலும் கீழும் நடந்தேன். அபிக்குப் பொறுமை போய்விட்டது.

"அம்மா, இரண்டு மணித்தியாலம் எடுக்கும் எண்டவை. நீங்கள் நடந்து நடந்து எனக்கும் தலை சுத்துது. வெளியில போய்க் காத்துக் குடிச்சிட்டு வாங்கோ. நான் இருக்கிறன்."

அதே நேரம் கமலா அக்காவின் குரல்செய்தி வந்தது. "எடி வசந்தி, இறங்கிட்டியளோ? ஒரு படத்தையும் காணேல்லை?"

அப்போதுதான் எனக்கு அந்தக் கேடுகெட்ட யோசனை வந்தது. மியூனிக்கில் கோனிக்ஸ்பிளாட்ஸ் என்று ஒரு சதுக்கம் இருக்கிறது. பவேரியாவை ஆண்ட அரசர் ஒருவருக்குக் கிரேக்கப் பைத்தியம்; அவருடைய மகனே கிரேக்கத்துக்கு அரசராகப் போனவர். அவர்கள் காலத்துப் பெரிய தூண்கள், முக்கோண முகப்புகள், கல் வாசல் எல்லாம் அங்கே நிற்கின்றன. ஓடியன்ஸ்பிளாட்சில் இறங்கி பிரியென்னர் வீதியில் நேரே நடந்தால் கால் மணிக்குள் வந்துவிடும். கல் வாசலுக்கு முன்னால் நின்று படம் எடுத்தேன். ஏதென்ஸ் என்று எழுதவில்லை. ஒரு கிரேக்கக் கொடியை மட்டும் போட்டு நிலைத்தகவலாக ஏற்றினேன். கொடி போடுவது பொய்யாகுமா, சொல்லுங்கள்.

சதுக்கத்தின் இரு பக்கமும் இரண்டு அருங்காட்சியகங்கள். ஒன்றில் சிலைகள், மற்றதில் மட்பாண்டங்கள். ஞாயிறு என்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு யூரோ, திங்கள் பூட்டு. நிம்மதியாக இருந்தால் அரை நாள் வைத்துப் பாருங்கள். நான் பார்த்த விதம் வேறு. எங்கே திரும்பினாலும் கண். சிலைக் கூடத்தில் மெடூசாவின் முகம். பாம்புத் தலைமயிர், அவளை நேருக்கு நேர் பார்த்தவர் கல்லாகிவிடுவாராம். அவளுடைய தலையை வெட்டிய பிறகும் கிரேக்கர் அந்த முகத்தை விடவில்லை; கேடயத்திலும் கதவிலும் காவலுக்கு வைத்தார்கள். புதுவீடு கட்டும்போது நாம் முன்னால் தூக்கும் வெருளிக்கு இவள் அக்கா முறை. எதிரே மட்பாண்டக் கூடத்தில், வெளிப்பக்கம் இரண்டு பெரிய கண் வரைந்த வைன் கிண்ணம். குடிப்பவர் கிண்ணத்தைத் தூக்கி முகத்தை மறைக்கும்போது, எதிரில் இருப்பவரை அந்தக் கண்கள் முழித்துப் பார்க்குமாம். அந்தக் கண்களை என்னால் ஒரு நிமிடத்துக்குமேல் பார்க்க முடியவில்லை. கைபேசியைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் இருந்தேன். அப்போது அபி அனுப்பினாள்: "முடிஞ்சுது. எல்லாம் ஒழுங்காப் போனதாம்."

திரும்பிப் போனபோது இவர் குப்புறக் கிடந்தார், முகம் புதையும் ஒரு வளையத் தலையணையில். என்னை அடையாளம் கண்டது என் சப்பாத்தைப் பார்த்து.

"ஏதென்ஸ் எப்பிடி?" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டே.

"நல்ல கல் வேலை," என்றேன்.

திங்கள் கண்ணுறையைக் கழற்றினார்கள். மருத்துவர் இடது கண்ணுக்கு முன் விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டார். "ஏதோ அசையுது" என்றார் இவர். குமிழி இருக்கும்வரை அவ்வளவுதான் தெரியும் என்று மருத்துவர் சொன்னார். இவர் தலையாட்டினார். மருத்துவர் போன பிறகு, "அறுபது பேர்," என்று தலையணைக்குள் முணுமுணுத்தார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று பின்னேரம் சாமான் வாங்கக் கிளம்பினேன். மியூனிக்கின் வெஸ்டெண்ட் பகுதியில் பழைய கிரேக்கக் குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு பக்கத் தெருவில் ஒலிவ் எண்ணெயும் பரிசுப் பொருளும் விற்கும் சின்னக் கடை. கடைக்காரி தெஸ்பினா, என் வயதுதான் இருக்கும், உதட்டுச் சாயம் என்னைவிட இரு மடங்கு. நாங்கள் இருவரும் ஜெர்மனில்தான் பேசினோம். அதை என் தமிழில் தருகிறேன்.

ஒரு தட்டு முழுக்க ஆந்தைகள். "இது அதீனாவின்ர பறவை," என்றாள். "புத்திக்குத் தெய்வம் அவ. இருட்டிலயும் பாக்கும் எண்டு இதைப் பக்கத்தில வைச்சிருக்கிறா."

"எங்கட ஆக்களுக்கு இது கூடாத சகுனம்."

"அப்ப உங்கட ஆக்கள் இருட்டில என்னத்தை வைச்சுப் பாக்கிறவை?"

"இது கிரேக்கத்தில செய்ததுதானே?" என்று ஆந்தையைக் கவிழ்க்கப் போனேன். சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"ஆந்தையை முகத்தில பாக்கவேணும், அடியில பாக்கிறேல்லை."

பன்னிரண்டு யூரோ சொன்னாள், பத்துக்குத் தந்தாள். மாதுளம்பழம் பதினெட்டு. பாதாளத்தின் அரசன் கடத்திய பெண் அங்கே சில மாதுளை முத்துக்களைத் தின்றதால் வருடத்தில் சில மாதம் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்றாம். அப்படிப்பட்ட பழத்தை ஏன் வீட்டில் வைக்கிறீர்கள் என்றேன். "முத்து நிறைய இருக்கெல்லோ, வீடும் நிறையும்," என்றாள். ஓரம் முழுக்க முடிவில்லாமல் மடிந்து மடிந்து ஓடும் கோடு போட்ட தட்டுகளும் இருந்தன. இரண்டு நாளாக நான் வழி தவறிய ஆஸ்பத்திரி நடைபாதை போலவே இருந்ததால் அதை வாங்கவில்லை.

பிறகு ஒரு மணிமாலையைக் கையில் எடுத்தேன். எடுத்த கையோடு விரல் தானாக உருட்ட, வாய் "ஓம் சரவணபவ" என்று போய்விட்டது. தெஸ்பினா சிரித்தாள்.

"அது சாமிக்கில்லை. கவலைப்படுற ஆக்கள் கைக்கு வேலை குடுக்கிறதுக்கு உருட்டிறது. உனக்கு என்ன கவலை?"

கெல்சென்கிர்ச்சன் முழுவதுக்கும் மறைத்ததை, அரை மணிக்கு முன்புவரை கண்டேயிராத அந்தப் பெண்ணிடம் ஒரே மூச்சில் கொட்டினேன். கண், குமிழி, பேருந்து, கமலா அக்கா, கொடி எல்லாம். அவள் கேட்டு முடித்து, என் தோளுக்கு மேலால் மூன்று தரம் துப்பினாள். "ஃப்தூ, ஃப்தூ, ஃப்தூ."

உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி நாம் துப்புவதும் அதே மூன்று தரம்தானே! எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தெஸ்பினா மேசை லாச்சியைத் திறந்து ஒரு சின்னத் தகட்டை எடுத்தாள். மெல்லிய தகரம், அதில் இரண்டு கண்கள் அழுத்திப் பதித்திருந்தன. கண் வருத்தம் என்றால் அவர்கள் தேவாலயத்தில் நேர்ந்து கட்டுவதாம். கண்மடல்! நம் கோயிலில் வெள்ளியில் செய்து போடுவோமே, அதே சாமான். காசு வேண்டாம் என்றாள். மாலைக்கு மட்டும் ஒன்பது யூரோ எடுத்தாள்.

அன்றிரவு கார்ஹிங்கில், அந்த மாலையை உருட்டியபடி படுக்க ஆயத்தமானேன். தொலைபேசி அடித்தது. கமலா அக்கா.

"என்னடி, ஏதென்ஸ் நல்ல வெக்கையோ?"

"ஓம் அக்கா, சரியான வெக்கை."

"வெக்கையெண்டாத்தான் அங்கத்தை ஆம்பிளையள் தோல் கழிசான் போட்டுக்கொண்டு திரியினமோ? உனக்குப் பின்னால ஒருத்தன் பிரெட்சல் தின்னுறான். வலு பெரிய பிரெட்சல்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் இடது தோளுக்குப் பின்னால், கல் வாசலுக்கு நடுவில், முழங்கால் வரை தோல் கழிசானும் இறகு செருகிய தொப்பியுமாக ஒரு தடித்த மனிதர். பின்னணி பார்க்காமல் படம் எடுக்காதீர்கள் என்று இந்த வலைப்பூவிலேயே ஒரு தரம் எழுதியவள் நான்.

அக்காவின் குரல் தணிந்தது.

"ஆருக்கு என்ன, வசந்தி?"

எல்லாம் சொன்னேன். அக்கா கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்.

"போன முறை நாங்கள் துருக்கிக்கு, அந்தல்யாவுக்குப் போட்டு வந்தனாங்களெல்லோ?"

"ஓம், எல்லாருக்கும் நீலக்கண் கொண்டு வந்து தந்தனீங்கள்."

"அந்தல்யாவுமில்லை, ஒண்டுமில்லை. உன்ர அத்தாருக்கு நெஞ்சில அடைப்பு எடுத்தது. அந்தக் கண் எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில இருக்கிற துருக்கிக் கடையில வாங்கினது. உன்ர வாசலில தூக்கி வைச்சிருக்கிறியே, அதுவும்தான்."

நான் சிரித்தேனா அழுதேனா என்று அபி இன்றும் கேட்கிறாள்.

"அக்கா, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"சீ, நான் ஏன் சொல்லுறன்?"

மறுநாள் காலை பத்து மணிக்குள் ஒன்பது பேர் அழைத்தார்கள். ஐயர் அருச்சனை செய்துவிட்டாராம். எனக்கு அறிமுகமே இல்லாத ஒரு தம்பி, கமலா அக்காவின் யாரோ ஒன்றுவிட்ட உறவு, இடியப்பமும் சொதியும் ஆஸ்பத்திரிக்கே கொண்டு வந்து தந்தான். பின்னேரம் கோயில் செயலாளர் கூப்பிட்டார். கணவரின் காதோடு கைபேசியைப் பிடித்தேன்.

"தம்பி, எனக்கும் உதே சத்திரசிகிச்சைதான். ரண்டு வருசத்துக்கு முன்னம்."

"அப்ப நீங்கள் சுவிசுக்குப் போனதெண்டு..."

"சுவிசுமில்லை மண்ணுமில்லை. குப்புறக் கிடந்தனான். கேளும், குமிழி கரையேக்க முதல் மேல்பக்கம்தான் வெளிக்கும். தண்ணி வத்துற மாதிரிக் கோடு ஒண்டு கீழ இறங்கும். அதுவரைக்கும் பயப்பிடாதையும். நான் இப்ப கார் ஓட்டுறன்."

மருத்துவரும் இதையேதான் சொல்லியிருந்தார். ஆனால் கார் ஓட்டும் ஒருவர் தமிழில் சொன்னபோதுதான் இவர் உடம்பு தளர்ந்து தலையணையில் இறங்கியது. ஊருக்கு மறைத்ததால் நாங்கள் மூன்று நாள் தனியாகப் பயந்ததுதான் மிச்சம். கண்ணூறு உண்டா இல்லையா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. கார்ஹிங்குக்கு வந்ததும் இவருக்கு மிளகாய் சுற்றித்தான் போட்டேன். மாணவர் விடுதியின் புகை எச்சரிக்கை மணி மூன்று மாடிக்கும் அடித்தது. அபி இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

குப்புறக் காலம் முடிய, ரயிலில் வீடு திரும்பினோம். சாமான்களை மேசையில் பரப்பினேன். ஆந்தையை மட்டும், நல்ல கண்ணாலும் அந்தத் தட்டை இவர் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை என்ற தைரியத்தில், தொலைக்காட்சிக்கு மேல் தட்டில் ஒளித்தேன். ரெனாட்டெ விடுமுறையில் இருந்தாள்.

இவர் காலையில் ஒவ்வொரு நாளும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அந்தத் தொலைக்காட்சிச் சுவரைப் பார்ப்பார். நான் மாலையை உருட்டுவேன். ஒரு காலை, தேநீரோடு உள்ளே வந்தேன்.

"இஞ்சாரும். மேல் தட்டில ரண்டு காது தெரியுது."

தேநீரை மேசையில் வைத்துவிட்டு நானும் மேலே பார்த்தேன்.

"கூரா நிக்குது. அதுக்குக் கீழ தண்ணி மாதிரி ஆடுது." கொஞ்சம் நிறுத்தினார். "ஆந்தை வாங்கினனீரோ?"

அடுத்தடுத்த நாட்களில் கோடு இறங்கியது. முதலில் அதன் நெற்றி, பிறகு அந்த இரண்டு உருண்டைக் கண்கள், அலகு. கால்கள் வெளித்த அன்று மருத்துவர் விழித்திரை நன்றாக ஒட்டிவிட்டது என்றார். நேர்கோடுகள் இன்னும் கொஞ்சம் வளைந்து தெரிகின்றன. பேருந்து ஓட்டலாமா என்பதற்கு ஜனவரியில் ஒரு தெர்மீன், அதாவது பரிசோதனைக்கான தேதி, இருக்கிறது. அதுவரை மாலையும் நானும் ஓயப் போவதில்லை. கண்மடலை மட்டும் கோயிலில் கட்டிவிட்டேன்; முருகன் கிரேக்கத் தகரம் என்று கோபிக்க மாட்டார் என்று ஐயர் சொன்னார்.

இனி, போகிறவர்களுக்கு. கண்ணில் மின்னல் அடித்தால், புதிதாகக் கறுப்புப் புள்ளிகள் பறந்தால், திரை எழும்பினால், பெட்டி அடுக்குவதை விட்டுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கோனிக்ஸ்பிளாட்ஸுக்கு ஞாயிறில் போங்கள். கடைக்குத் திங்களில் போங்கள். பொருளைக் கவிழ்த்துப் பார்க்காதீர்கள். படத்தின் பின்னணியை மட்டும் தப்பாமல் பாருங்கள்.

கடைசியாக, ஆந்தை வாங்குவதானால் இரண்டாக வாங்குங்கள். ரெனாட்டெ விடுமுறை முடிந்து வந்து ஆந்தையைக் கேட்டாள். கொடுப்பதற்காக எடுக்கப் போனபோது இவர் தட்டுக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"அதைத் தொடாதையும். அவளுக்கு வேற வாங்கிக் குடும். இது நான் பாத்தது."